மாரிக்கு வீட்டுக்குள் உடுப்புக் காயப்போட எந்த மரச்சட்டம்? மடிப்பா, கப்பியா, சுவரா

வன்னியில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் வீட்டுக்குள் உடுப்புக் காயப்போட வேண்டிய தேவையே இல்லை. சித்திரை வெயிலில் வேலியில் விரித்த சாரம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உடுப்பு பக்கத்து வளவுக்குப் பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் எல்லாம் தலைகீழ். எங்கள் பக்கத்து ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த மாதிரியான நாட்களை விடுங்கள். சாதாரண கார்த்திகையிலேயே தொடர்ந்து பல நாளைக்கு வெயிலைக் காண முடியாது. பள்ளிக்கூடம் மட்டும் நடக்கும். பிள்ளைக்கு இரண்டு சோடி வெள்ளைச் சீருடை என்றால் ஒன்று உடம்பில், மற்றது ஈரத்தில்.

இந்த மூன்று நான்கு மாதத்துக்காக வீட்டுக்குள் ஒரு மரச்சட்டம் செய்வதென்றால் வழி மூன்று: மடித்து வைக்கும் சட்டம், முகட்டில் கப்பி போட்டு ஏற்றி இறக்கும் சட்டம், சுவரில் பூட்டி விரிக்கும் சட்டம். இவற்றோடு போட்டிக்கு நிற்பவை நைலோன் கொடியும் கடையில் விற்கும் இரும்பு ஸ்ராண்டும். எத்தனை உடுப்புக் கொள்ளும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. மழை இல்லாத மாதங்களில் அது எங்கே கிடக்கும்? வெள்ளைச் சீருடையில் கறை வைக்குமா?

முதல் கேள்விக்குக் காரணம் வீட்டின் அளவு. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தரப்பட்டது; வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இன்றைக்கும் வன்னியில் ஏராளமான குடும்பங்கள் இருப்பது அந்த அளவு வீட்டில்தான். அதன் ஹோலுக்குள் கதிரை, ரீவி, பிள்ளை படிக்கும் மேசை, மழைக்கு உள்ளே ஏற்றிய சைக்கிள், உரப்பை எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. மிச்சத்தில்தான் இந்தச் சட்டம்.

கொடியும் இரும்பு ஸ்ராண்டும்

முதலில் கொடியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் எல்லோரிடமும் இருக்கிறது. 12 அடிக் கயிறு மூன்று வரிசை கட்டினால் 36 அடி கிடைக்கிறது. செலவு அனேகமாக இல்லை. ஐந்தரை மீற்றர் சேலையை அதிகம் மடிக்காமல் போட இதைவிட நல்ல இடமும் இல்லை.

ஆனால் கயிறு தொய்யும். தொய்ந்ததும் போட்ட உடுப்பெல்லாம் வழுக்கி நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது காயாது. அப்படியென்றால் இறுக்கிக் கட்டலாமே என்பீர்கள். 12 அடிக் கயிற்றின் நடுவில் 8 கிலோ ஈர உடுப்புத் தொங்குகிறது, கயிறு அரை அடிதான் தொய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவை ஏறத்தாழ 48 கிலோ. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு அது ஏறும். சீமெந்துக் கல் சுவரில் அடித்த கொக்கி சாந்தோடு பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். கொக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. விறாந்தையில் கட்டினால் இன்னொரு தொல்லை: வாடைக்காற்றோடு வரும் தூவானம், காய்ந்ததைத் திரும்பவும் நனைத்துவிடும்.

கடையில் விற்கும் இரும்பு ஸ்ராண்ட் புதிதில் நல்ல பிள்ளை. இலேசு, மடிக்கலாம், கறை வைக்காது. அதன் வெள்ளைப் பூச்சு முதலில் வெடிப்பது மூட்டுகளில். அங்கே ஈரம் போய்த் துருப்பிடித்தால் அடுத்த மாரியில் சீருடைக் கையில் செம்மஞ்சள் கோடு விழும். புதிய துரு என்றால் உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு வெயிலில் வைத்தால் போகும். ஆனால் வெயில் இல்லாத காலத்துக்குத்தானே ஸ்ராண்டை வாங்கினோம்.

மடிப்புச் சட்டம்

ஏணி மாதிரி இரண்டு சட்டம், தலைப்பில் கால் அங்குலப் போல்ற் போட்டு இணைத்தது. ஒரு சட்டம் மற்றதைவிட ஒடுக்கமாக இருந்தால் மடிக்கும்போது உள்ளே போய் அமர்ந்துவிடும். கால் 5 அடி, குறுக்குக் கம்பு 3 அடி, பக்கத்துக்கு 5 கம்பு என்றால் மொத்தம் 30 அடி. மடித்தால் மூன்று நான்கு அங்குலத் தடிப்புத்தான், கதவுக்குப் பின்னால் நிற்கும். சீவுளி பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு சனி ஞாயிறில் செய்துவிடலாம்.

இதன் பெரிய பலம் நடமாட்டம். எங்கள் மாரி முழுநாளும் ஒரே மாதிரிப் பெய்வதில்லை. இரண்டு மழைக்கு நடுவே அரை மணித்தியாலம் வெயில் எறிக்கும். அந்த நேரம் சட்டத்தோடு தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, கிழக்கே இருண்டால் அப்படியே உள்ளே கொண்டுவரலாம். கொடியில் போட்டதை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு ஓடவேண்டிய அவசியமில்லை. இரவில் மேசை விசிறிக்கு முன்னால் நகர்த்தி வைக்கலாம். மற்ற இரண்டு சட்டத்துக்கும் இந்தச் சுகம் கிடையாது.

ஆனால் அந்த 30 அடிக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். கம்புக்குக் கம்பு 9 அங்குலம் விட்டுத் துளைத்திருப்போம். விரித்து வைத்தால் அடிப்பக்கம் 3 அடி அகலத்துக்குச் சரிந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு கம்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூன்று அங்குலம்கூட இல்லை. மேல் கம்பில் போட்ட சட்டை கீழ்க் கம்பில் போட்டதன்மேல் படுத்துக்கொள்ளும். பத்துக் கம்பு இருந்தும் ஒழுங்காகக் காய்வது மேலே உள்ள நாலைந்தில்தான். கீழ் வரிசையைக் காலுறை, கைக்குட்டை, பிள்ளையின் உள்ளாடை போன்ற சின்னதுகளுக்கு விட்டுவிட வேண்டும். கால்களைத் தலைப்பில் சேர்க்காமல் நடுவில் குறுக்கே பூட்டி, மேலே தட்டையாகக் கம்பு வரும்படி செய்தால் இந்தக் குறை பாதி தீரும். அதற்கு மரமும் கூட வேண்டும், மூட்டு வேலையும் கூட.

இடமும் தின்னும். விரித்தால் 9 சதுர அடி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் பாரமான துவாயைப் போட்டால் தள்ளாடும். இரண்டு சட்டத்துக்கும் இடையே ஒரு கயிறோ சங்கிலியோ கட்டாவிட்டால், ஈரச் சீமெந்துத் தரையில் கால் வழுக்கி விரிந்துகொண்டே போய்ப் படுத்துவிடும். காலின் அடிமுனை மரத்தின் வெட்டுவாய் என்பதால் தண்ணீரை உறிஞ்சும். அங்கே இரண்டு தரம் பூச்சுக் கொடுத்து, பழைய இறப்பர்ச் செருப்பை வெட்டி ஒட்டிவிட்டால் வழுக்கலும் நிற்கும், ஊறலும் நிற்கும்.

மரம் மாரியில் வீங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆவணி வெயிலில் இறுக்கமாகப் பொருத்திய மூட்டு கார்த்திகையில் அசையவே மறுக்கும். போல்ற் போகும் துளையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, இரண்டு மரத்துக்கும் இடையில் ஒரு வொஷர் போட்டுவிடுங்கள்.

கோடையில் எங்கே கிடக்கும் என்ற கேள்விக்கு இந்தச் சட்டம் சொல்லும் பதில் எனக்குத் திருப்தியில்லை. கதவுக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, பின் அறையில் என்று வைப்பதெல்லாம் தரையில்தான். தரையில் சாத்திய மரம் வன்னியில் கறையானுக்குப் போட்ட விருந்து. மாசியில் மடித்து வைத்ததைப் புரட்டாதியில் எடுக்கும்போது காலுக்குள் மண்தான் இருக்கும். சுவரில் இரண்டு முளை அடித்து, தரையில் படாமல் தூக்கி மாட்டத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யட்டும்.

கப்பிச் சட்டம்

இது பிரித்தானியாவில் விக்ரோறியா மகாராணி காலத்து வீடுகளில் குசினிக்குள் தொங்கிய சாமான். அங்கேயும் பிரச்சினை இதேதான்: ஈரக் காற்று, சின்ன வீடு. இரண்டு முனையிலும் வார்ப்பிரும்புத் தாங்கி, நடுவே நீளமாக நான்கு பைன் மரப் பட்டி, இரண்டு கயிறு, முகட்டில் கப்பி. உடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். எங்களுக்குக் கப்பி புதிதில்லை, கிணற்றடியில் பார்த்ததுதான். வார்ப்பிரும்புக்குப் பதிலாக ஒரு அங்குலத் தடிப்புப் பலகையில் முனை வெட்டிக்கொள்ளலாம். ஏறத்தாழ 22 அங்குல நீளப் பலகையில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு வெட்டு விட்டு, அதில் 6 அடிப் பட்டிகளைச் செருகினால் வேலை முடிந்தது.

மொத்தம் 24 அடிதானே, மடிப்புச் சட்டத்தைவிடக் குறைவு என்று தோன்றும். ஆனால் நான்கு பட்டியும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று ஆறு அங்குலம் தள்ளி இருக்கின்றன. ஒரு உடுப்பு இன்னொன்றில் முட்டாது. 24 அடியும் வேலை செய்யும் 24 அடி. வெக்கை மேலே ஏறும் என்பதால் முகட்டுக்குக் கிட்ட இருக்கும் காற்று கொஞ்சம் சூடும்கூட. சேலையை மூன்றாக மடித்து 6 அடிப் பட்டியில் போடலாம். 3 அடிக் கம்பில் போடுவதென்றால் அதற்கு ஆறு மடிப்பு வேண்டும்.

பட்டியை எப்படி நிறுத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2 அங்குல அகலம், அரை அங்குலத் தடிப்புள்ள பட்டியைத் தட்டையாகப் படுக்க வைப்பதைவிட விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் அது 16 மடங்கு வளையாமல் நிற்கும். அதே மரம், அதே செலவு. மேல் விளிம்பை மட்டும் சீவி உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டையில் கோடு விழும்.

பாரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஒருநாள் உடுப்புக் காய்ந்த நிலையில் 4 கிலோ என்றால், கையால் பிழிந்த பருத்தியில் கிட்டத்தட்ட அதே எடைக்குத் தண்ணீர் கிடக்கும். ஆக 8 கிலோ. சட்டத்தோடு சேர்த்து 12 கிலோ என்று வையுங்கள். இரண்டு கொக்கியில் தொங்குவதால் ஆளுக்கு 6 கிலோ என்று நினைத்துத்தான் சின்ன ஆணி அடிக்கிறார்கள். கயிறு கட்டும் முளைக்குத் தூரத்தில் உள்ள கப்பியில் இருந்து வரும் கயிறும், முளைக்குக் கிட்ட உள்ள கப்பிக்கு மேலாலேதான் கீழே இறங்குகிறது. இழுத்துக் கட்டியதும் கிட்டத்துக் கொக்கியில் விழுவது மொத்தப் பாரத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 18 கிலோ. இழுக்கும்போது ஒரு வெட்டு வெட்டினால் அதற்கும் மேலே. அந்தக் கொக்கி மரத்துக்குள் இரண்டு அங்குலமாவது திருகி ஏறியிருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தச் சட்டத்துக்கு வீட்டின் கூரையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஓட்டுக் கூரையும் குறுக்கு வளையும் உள்ள வீடு என்றால் யோசிக்கவே தேவையில்லை, வளையில் கொக்கியைத் திருகுங்கள். கொங்கிறீட் தட்டு என்றால் விரியும் போல்ற் போடலாம். சிலிங் பலகையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அது தன் பாரத்தைத் தாங்கவே படும் பாடு உங்களுக்குத் தெரியும். அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் துளை போடுகிற கதையே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தகரக் கூரையும் சிலிங் இல்லாத வீடும் என்றால் இன்னொரு கோளாறு இருக்கிறது. இரவில் தகரம் குளிர்ந்ததும் உள்பக்கத்தில் ஈரம் வியர்த்துச் சொட்டும். கீழே உங்கள் உடுப்பு. அப்படிப்பட்ட வீட்டில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு குறுக்கு மரம் போட்டு, கூரையிலிருந்து இரண்டடியாவது கீழே கப்பியை மாட்டலாம். அதற்கு மேலே ஒரு பொலித்தீன் விரிப்பும் கட்டினால் சொட்டு உடுப்பில் விழாது.

கயிறு விஷயத்தில் தும்புக் கயிறு வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் கபிலச் சாயம் விடும், உக்கியும் போகும். நைலோன் பாரத்துக்கு இழுபடும். இரவு தலைக்கு மேலே கட்டியது காலையில் மூக்குக்கு நேரே நிற்கும். பொலியெஸ்ரர் பின்னல் கயிறு இழுபடாது. கட்டும் முளை சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மின்விசிறி தொங்கும் ஹோலில் அதன் தகடு சுழலும் வட்டத்துக்கு நன்றாக வெளியே இடம் பாருங்கள். விறகடுப்புக் குசினியில் வேண்டாம். பரணில் விறகு காயும் இடத்தில் சீருடையும் காயும்தான், ஆனால் பிள்ளை புகை மணத்தோடு வகுப்பில் இருக்க வேண்டிவரும். நெருப்பு ஆபத்து வேறு.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கொடியில் போடக் கையைத் தூக்க வேண்டும், மடிப்புச் சட்டத்தின் கீழ்க் கம்புக்குக் குனிய வேண்டும். இதை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, நின்றபடியே போட்டுவிட்டு ஏற்றலாம். கோடையில் எங்கே கிடக்கும் என்பதற்கும் இதனிடம் பதில் இருக்கிறது: முகட்டில். கறையான் கயிற்றில் இறங்கி வருவதில்லை. அந்த மாதங்களில் சின்ன வெங்காயப் பிடிகளைத் தொங்கவிடக்கூட அது உதவும். மாரிக்கு முன்னால் பட்டியைத் துடைத்தால் போதும்.

சுவர்ச் சட்டம்

சுருக்கமாகச் சொன்னால், முழுக் குடும்பத்து உடுப்புக்கும் இது சரிவராது. படத்தில் அழகாக இருக்கும் கத்தரிக்கோல் மடிப்புச் சட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட மூட்டு வரும். ஒவ்வொன்றும் துருப்பிடிக்க ஒரு இடம், ஆட்டம் காண ஒரு இடம். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி 8 கிலோ தொங்கி, சட்டத்தின் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையில் ஆறு அங்குலம்தான் இருந்தால் மேல் ஆணியைப் பிடுங்கும் விசை 16 கிலோ. நடுவில் பொள்ளல் உள்ள சீமெந்துக் கல்லில் வோல் பிளக் அதை நெடுநாள் தாங்காது. வடக்கு, கிழக்குப் பக்கச் சுவர் மாரியில் தானே ஈரம் குடித்துக் குளிர்ந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில் தொங்குவது காயவும் காயாது, சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும்.

துவாய்க்கும் நாளைக்குப் போடவேண்டிய ஒரு சோடி சீருடைக்கும் என்றால் சரி. அதற்குக் கத்தரி மடிப்பு எதற்கு? ஐந்து கம்புள்ள சின்ன ஏணியை இரண்டு பிணைச்சலில் பூட்டி, உயர்த்தினால் விரியவும் விட்டால் சுவரோடு படியவும் செய்தால் போதும். உள்சுவரில் பூட்டுங்கள்.

எந்த மரம்

இங்கேதான் வெள்ளைச் சீருடைக் கேள்வி வருகிறது. வன்னியில் மரம் என்றதும் முதிரை, பாலை என்றுதான் வாயில் வரும். மரக்காலையில் முதிரைத் துண்டு கேட்டு நின்றபோது ஒரு வயதான தச்சர் சிரித்தார்: “தம்பி, இது கட்டில் செய்யுற மரம். இதில போய் ஈரச் சாரம் காயப்போடப் போறியளோ?” அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. முதிரை ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 950 கிலோவுக்கு மேலே நிற்கும், பைன் 500 அளவில். கப்பிச் சட்டத்தின் நான்கு பட்டியும் முதிரையில் நாலரைக் கிலோ, பைனில் இரண்டரைக்குள். ஒவ்வொரு தரமும் அந்த மிச்சப் பாரத்தைச் சும்மா இழுக்க வேண்டும். சீவுளி அலகும் மழுங்கும். வீட்டில் பழைய கட்டில் சட்டம் உடைந்து கிடந்தால் முனைப் பலகைக்குப் பாவியுங்கள், பட்டிக்கு வேண்டாம். புதிதாகக் காட்டு மரம் கொண்டுவருவதென்றால் அனுமதிப் பத்திரம், விசாரணை என்று அது வேறு வேலை.

தேக்கு நல்ல மரம். இலேசு, நீருக்கு அசையாது, கறையானும் சட்டென்று தொடாது. ஆனால் பூச்சு இல்லாத தேக்கில் ஈர வெள்ளைத் துணி இராத்திரி கிடந்தால் பழுப்பு நிறம் ஏறும். பலா இன்னும் மோசம். பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் எடுத்த மரம் அது. உங்கள் பிள்ளையின் சட்டையை மட்டும் விடுமா? பனஞ்சிலாகை உறுதியானதுதான், ஆனால் அதன் கறுப்பு நார் சிராய் கிளம்பித் துணியைக் கொளுவி இழுக்கும்.

இரும்பும் மரமும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது வேறு வகைக் கறை. பல மரங்களில் உள்ள துவர்ச் சத்து, தனின், இரும்போடு சேர்ந்து கருநீல நிறமாகும். மையே அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். சாதாரண ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மரம் கறுப்பது இதனால். போர் நடந்த காணிகளில் தறித்த மரத்துக்குள் சன்னமோ செல் துண்டோ மூடிக்கிடந்தாலும் அப்படியே சுற்றிவரக் கறுத்திருக்கும். அத்தகைய கறுப்புக் கோடு தெரியும் பலகையை வாளுக்குக் கொடுக்காதீர்கள். வாள் பல்லும் போகும், தெறிக்கும் துண்டு கண்ணையும் பதம் பார்க்கும். துணி படும் இடத்தில் இரும்பாணியே வேண்டாம். கம்பைத் துளைக்குள் இறக்கி, நீருக்குத் தாங்கும் பசை போட்டு, குறுக்கே ஒரு மர முளை அடித்தால் போதும். திருகாணி வேண்டுமென்றால் பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கு.

என் தெரிவு பைன், அதுவும் சாமான் ஏற்றி வந்த பலட் பலகை. அதில் ஒரு முத்திரை இருக்கும். எச்.ரி. (HT) என்ற எழுத்து வெப்பத்தில் பதப்படுத்தியது என்று காட்டும், எம்.பி. (MB) என்றால் மெதைல் புரோமைட் நச்சு வாயு அடித்தது. முதலாவதை எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். எண்ணெய் கொட்டிய பலகையையும் விடுங்கள். பலட்டில் 6 அடிப் பலகை கிடைப்பது அரிது என்பதால் கப்பிச் சட்டத்தின் பட்டியை மரக்காலையில் பைன் அல்லது மலைவேம்பில் கிழித்து வாங்க வேண்டிவரும். மடிப்புச் சட்டத்தின் கம்புக்குத் தும்புத்தடிப் பிடி இருக்கிறதே, கடைந்து உருட்டியே வருகிறது, 3 அடிக்கு வெட்டினால் சரி. வேறு வழி இல்லாதவர்கள் கம்பின்மேல் பிவிசி பைப்பை உறை மாதிரிப் போட்டுவிடலாம். பார்க்க அழகில்லை, கறையும் இல்லை. மூங்கில் கம்பு உளுக்காத பட்சத்தில் நல்லது. ஆனால் பதப்படுத்தாத மூங்கில் எங்கள் பக்கத்தில் சீக்கிரம் மாவாகக் கொட்டும்.

பூச்சில் பிரெஞ்சு பொலிஷ் வேண்டாம். அது அரக்கு, ஈரத் துணி பட்டால் வெள்ளை பூத்துவிடும். பொலியூரத்தேன் வார்ணிஷ் மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரத்தாள், கடைசிக் கைக்குப் பிறகு ஒரு கிழமை சும்மா விடுங்கள். அப்புறம் பழைய வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு கம்பிலும் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் துணியில் நிறம் தெரிந்தால் இன்னொரு கை பூசவேண்டும்.

எந்தச் சட்டமாக இருந்தாலும்

காற்று அசையாவிட்டால் சட்டம் எதையும் காயவைக்காது. நாலு கிலோ உடுப்பிலிருந்து நாலு லீற்றர் தண்ணீர் அந்த அறைக் காற்றுக்குள்தான் போகிறது. எல்லா யன்னலையும் பூட்டி வைத்தால் அது போக இடமில்லாமல் சுவரில் இறங்கும். படுக்கும் அறையில் போடாதீர்கள். 50 வாட் மேசை விசிறி இரவு 8 மணித்தியாலம் ஓடினால் 0.4 அலகு மின்சாரம்தான் போகும்; மாரியில் இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. நீண்ட நேரம் ஈரமாகவே கிடக்கும் துணியில் மொராக்செல்லா என்ற பாக்டீரியா பெருகும், அந்தப் புளிச்ச மணம் அதனால் வருவது. சவர்க்காரத்தைக் கூட்டினால் அது போகாது. வேகமாகக் காயவைத்தால்தான் வராமல் இருக்கும். டெங்கு நுளம்பு வீட்டுக்குள் இருட்டான மூலையிலும் தொங்கும் உடுப்பிலும் ஒதுங்கும் பழக்கமுள்ளது என்பதால் காய்ந்ததை எடுத்து மடித்து வைப்பதில் சோம்பல் வேண்டாம்.

வளையோ கொங்கிறீட் தட்டோ உள்ள சொந்த வீட்டுக்குக் கப்பிச் சட்டம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும், ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று நினைப்பவர்களும் மடிப்புச் சட்டம் செய்யட்டும்; வீடு மாறும்போது கூடவே வரும். தகரக் கூரை வீட்டிலும், குறுக்கு மரம் போட வசதி வரும்வரை மடிப்புத்தான். சேலை கட்டுபவர்கள் வீட்டில் இருந்தால், எதைச் செய்தாலும் கொடியைக் கழற்றாதீர்கள்.

செய்வதென்றால் ஆவணிக்குள் மரத்தை வாங்கி அறுத்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு வாங்கும் மரம் ஈரத்தோடு வரும், வார்ணிஷும் ஒழுங்காக இறுகாது. கப்பி வாங்கும்போது கிணற்றுக் கப்பியைத் தராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பெரிது. ஒன்றரை அங்குலச் சில்லு உள்ள சின்னக் கப்பி போதும். தூரத்துக்கு ஒற்றைச் சில்லு ஒன்று, கயிறு இறங்கும் பக்கத்துக்கு இரட்டைச் சில்லு ஒன்று. சில்லு நைலோனாக இருந்தால் துரு வராது, அச்சாணி மட்டும் எதில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.